கந்தலில் கலை கண்டவர்

போர் முடிந்த பின் நாடுகள் கணக்கெடுக்கின்றன. மாண்ட வீரர் எத்தனை பேர், மூழ்கிய கப்பல்கள் எத்தனை, இடிந்த நகரங்கள் எத்தனை என்று ஏடுகளில் எழுதி வைக்கின்றன. தந்தை ஒரு நாட்டிலும் தாய் ஒரு நாட்டிலுமாகச் சிதறிப்போன குடும்பங்களை எந்த ஏட்டில் எழுதுவது? குற்றம் ஏதும் செய்யாமலேயே, பிறந்த நாட்டின் பெயரால் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இரண்டாம் உலகப் போரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் நாம், இந்தக் கேள்விகளை அதிகமாகக் கேட்பதில்லை. அவற்றைக் கேட்க வைக்கும் ஒரு வாழ்க்கையை இங்கே காண்போம். அது குர்ட் ஷ்விட்டர்ஸ் என்னும் ஜெர்மானியக் கலைஞரின் வாழ்க்கை.

பழைய தாள்களையும் துணித் துண்டுகளையும் அட்டையில் ஒட்டிப் படம் செய்வதை நாம் கைவேலை வகுப்பில் பழகியிருக்கிறோம். அந்தக் கைவேலையை உலகக் கலைக்கூடங்களில் இடம் பெறும் உயர்ந்த கலையாக வளர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஷ்விட்டர்ஸ்.

இளமைப் பருவம்

1887-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் பெண்களுக்கான ஆடைகள் விற்கும் கடை நடத்தி வந்தனர். பின்னர் கடையை விற்று, அந்தப் பணத்தில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டு, வசதியாக வாழ்ந்தனர். குர்ட் அவர்களுடைய ஒரே மகன்.

பதினான்கு வயதளவில் அவர் ஒரு சிறு தோட்டம் போட்டார். ரோஜாச் செடிகள், ஸ்ட்ராபெரிப் பழச் செடிகள், கையாலேயே எழுப்பிய ஒரு குன்று, தோண்டிய ஒரு குட்டை என்று அதை ஆசை ஆசையாக வளர்த்தார். ஒரு நாள் அக்கம் பக்கத்துச் சிறுவர்கள் அவர் கண் முன்னாலேயே அந்தத் தோட்டத்தை நாசம் செய்தார்கள். அந்த அதிர்ச்சியில் அவருக்கு வலிப்பு நோய் கண்டது. அந்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. பாடுபட்டு உருவாக்கியதைப் பிறர் அழிக்கப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன வேதனை என்பதை அவர் அந்த வயதிலேயே அறிந்துகொண்டார்.

டிரெஸ்டன் நகரக் கலைக்கழகத்தில் முறையாக ஓவியம் பயின்ற பின், 1915-இல் ஹெல்மா ஃபிஷர் என்ற மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டு பிறந்த முதல் ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டது. 1918 நவம்பரில், முதல் உலகப் போர் ஓய்ந்த சில நாட்களுக்குள், எர்ன்ஸ்ட் என்ற மகன் பிறந்தான். நோயின் காரணமாகக் குர்ட்டைப் படையில் நீண்ட நாள் வைத்திருக்கவில்லை. போரின் பிற்பகுதியில் ஓர் இரும்பு ஆலையில் வரைபடக்காரராக வேலை பார்த்தார்.

பெயர் பிறந்த கதை

போரில் தோற்ற ஜெர்மனியில் எங்கு பார்த்தாலும் சிதைவும் வறுமையும் நிறைந்திருந்தன. அந்தச் சிதைவுகளையே ஷ்விட்டர்ஸ் கலைக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார். தெருவில் கிடந்த டிராம் வண்டிச் சீட்டு, கிழிந்த விளம்பரத் தாள், உடைந்த மரத்துண்டு, கம்பி, பொத்தான், மிட்டாய் உறை முதலியவற்றைப் பொறுக்கி வந்து, ஒன்றோடு ஒன்று பொருந்துமாறு ஒட்டியும் ஆணி அடித்தும், வேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டியும் படங்கள் ஆக்கினார்.

அவ்வாறு செய்த ஒரு படத்தில் ஒரு வங்கியின் விளம்பரத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. வணிகம் என்று பொருள்படும் கொம்மெர்ட்ஸ் என்ற ஜெர்மன் சொல்லின் பிற்பகுதியாகிய மெர்ட்ஸ் மட்டும் அதில் எஞ்சி நின்றது. பொருளற்ற அந்த அரைச் சொல்லையே தம் கலை முழுவதற்கும் பெயராக 1919-இல் சூட்டினார். ஓவியம், கவிதை, அச்சு, சிற்பம் ஆகிய அனைத்தும் அவருக்கு மெர்ட்ஸ்தான். உலகம் வேண்டாமென்று வீசி எறிந்த ஒன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே கலைஞன் வேலை என்பது அவர் கொள்கை.

அதே ஆண்டில் வெளிவந்த அன்னா புளூமே என்ற கவிதை அவரை நாடறியச் செய்தது. பிழைப்புக்காக விளம்பர நிறுவனம் நடத்தினார். ஹனோவர் நகராட்சியின் அச்சுத்தாள்களுக்கு எழுத்து வடிவம் அமைத்துக் கொடுத்தார்.

அவர் செய்த யாவற்றிலும் பெரியது அவருடைய வீட்டிற்குள்ளேயே வளர்ந்தது. 1923-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெற்றோர் வீட்டில் தாம் வேலை செய்யும் அறையில் ஒரு தூண் போன்ற சிற்பத்தைத் தொடங்கினார். மரத்தாலும் சுண்ணச்சாந்தாலும் அது கிளைவிட்டுக் கிளைவிட்டுச் சுவரைத் தொட்டது, கூரையைத் தொட்டது, அடுத்த அறைகளுக்கும் பரவியது. அதில் சிறு சிறு குகைகள் அமைத்து, நண்பர்களின் நினைவாக அவர்களுடைய சிறு பொருள்களை உள்ளே வைத்தார். மெர்ட்ஸ் கட்டடம் என்று அதற்குப் பெயர். கணவரின் கலை வீட்டையே விழுங்கி வளர்ந்ததைப் பொறுத்துக்கொண்டு, அதே வீட்டில் சமைத்து, விருந்தினரை உபசரித்து, மகனை வளர்த்த ஹெல்மா அம்மையாரை நினைக்கையில் நமக்கு வியப்பு உண்டாகிறது.

நாடு கைவிட்டது

1933-இல் ஹிட்லரின் நாஜிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. புதுமைக் கலை யாவும் சீரழிந்த கலை என்று முத்திரை குத்தப்பட்டது. ஷ்விட்டர்ஸ் நகராட்சி வேலையை இழந்தார். 1936-இல் குடும்பத்தின் நெருங்கிய நண்பர்கள் இரகசியப் போலீசாரால் கைது செய்யப்பட்டனர். அடுத்து இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள் என்பது தெரிந்துவிட்டது. டிசம்பர் இறுதியில் மகன் எர்ன்ஸ்ட் நார்வே நாட்டிற்குச் சென்றான். 1937 ஜனவரி 2-ஆம் நாள் தந்தையும் பின்தொடர்ந்தார். அவ்வாண்டு மியூனிக் நகரில், மக்கள் பார்த்து எள்ளி நகையாட வேண்டும் என்பதற்காகவே நடத்தப்பட்ட சீரழிந்த கலைக் கண்காட்சியில் அவருடைய படங்களும் வைக்கப்பட்டன. பிறந்த மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவே இல்லை.

ஹெல்மா அம்மையார் உடன் செல்லவில்லை. குடும்பத்தின் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த வருமானம் நின்றுபோனால் வெளிநாட்டிலிருக்கும் இருவரும் என்ன செய்வார்கள்? வயதான பெரியவர்களையும் தனியே விட்டுச் செல்ல முடியாது. மெர்ட்ஸ் கட்டடத்திற்கும் காவல் வேண்டும். ஆகவே, கொஞ்ச நாள் பிரிவுதானே என்று எண்ணி அவர் ஹனோவரிலேயே தங்கினார். ஆண்டுதோறும் சில மாதங்கள் நார்வே சென்று கணவருடனும் மகனுடனும் இருந்துவிட்டுத் திரும்புவார்.

1939 ஜூன் மாதம் ஆஸ்லோ நகரில் எர்ன்ஸ்டின் திருமண நிச்சயம் நடந்தது. ஹெல்மா வந்திருந்தார். விழா முடிந்ததும் வழக்கம்போல விடைபெற்று ஊர் திரும்பினார். மூன்றே மாதங்களில் போர் மூண்டது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கண்ணால் கண்டது அந்த ஜூன் மாதமே கடைசி.

ஓட்டமும் கப்பலும்

1940 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜெர்மன் படைகள் நார்வேயின் மீது பாய்ந்தன. தந்தையும் மகனும் மருமகளும் வடக்கு நோக்கி ஓடினர். வடகோடியிலுள்ள லொஃபோடன் தீவுகளில் காபல்வாக் என்னும் ஊரை அடைந்தபோது, நார்வே அதிகாரிகள் அவர்களைப் பிடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் காவலில் வைத்தனர். ஹிட்லருக்குப் பயந்து ஓடியவர்களை, ஹிட்லருடைய நாட்டினர் என்ற காரணத்திற்காகவே பிடித்து வைத்த விந்தையை என்னென்பது!

விடுதலை கிடைத்ததும், ஜூன் மாதத்தில் ஃபிரித்யோஃப் நான்சென் என்ற நார்வே நாட்டு ரோந்துக் கப்பலில் ஏறி, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தை அடைந்தனர். நான்சென் என்பவர் யார் தெரியுமா? முதல் உலகப் போருக்குப் பின் நாடிழந்த அகதிகளுக்குப் பயணச் சான்றிதழ் கிடைக்க வழி செய்து, 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெருமகன். அவர் பெயர் தாங்கிய கப்பலில் வந்து இறங்கிய இந்த அகதிகளைக் கரையில் மீண்டும் காவலே வரவேற்றது.

அரண்டவன் கண்

பிரிட்டன் ஏன் அவ்வாறு செய்தது என்பதையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். போர் தொடங்கியபோது அங்கே எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர்களும் அரசியல் அகதிகளும் ஆவர். அரசு விசாரணை மன்றங்களை அமைத்து, ஒவ்வொருவரையும் விசாரித்து, அவர்களை மூன்று வகையாகப் பிரித்தது. ஆபத்தானவர்களை மட்டும் முதலில் அடைத்தது. பெரும்பாலோர் ஐயத்திற்கு இடமற்றவர்கள் என்று எழுதப்பட்டு வெளியில் விடப்பட்டனர்.

1940 மே மாதத்தில் ஹாலந்தும் பெல்ஜியமும் வீழ்ந்தன; ஜூனில் பிரான்சு வீழ்ந்தது. உள்ளிருந்தே காட்டிக் கொடுக்கும் ஒற்றர்களால்தான் இந்த வீழ்ச்சி என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ! முன்பு நல்லவர் என்று எழுதிக் கொடுத்தவர்களையும் போலீசார் வீடு வீடாகச் சென்று பிடித்தனர். இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியரும் சேர்க்கப்பட, சில மாதங்களில் ஏறத்தாழ 27,000 பேர் காவலுக்குள் வந்தனர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலில் அனுப்பப்பட்டனர். அத்தகைய கப்பல்களில் ஒன்றான ஆரண்டோரா ஸ்டார், 1940 ஜூலை 2-ஆம் நாள் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்டு மூழ்கியது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கப்பலில் தம்மவர் இருந்தாரா இல்லையா என்று அறியாமல் எத்தனை வீடுகள் தவித்திருக்கும்!

லீத் துறைமுகத்தில் இறங்கிய ஷ்விட்டர்சும் மகனும் பகை நாட்டார் என்று பதிவு செய்யப்பட்டனர். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் முகாம் முகாமாக மாற்றப்பட்டனர். பெரி என்னும் ஊரில், கூரைக் கண்ணாடி உடைந்து எலிகள் ஓடும் ஒரு பாழடைந்த பஞ்சாலையும் அவர்கள் தங்கிய முகாம்களில் ஒன்று. 1940 ஜூலை 17-ஆம் நாள் மான் தீவிலுள்ள டக்ளஸ் நகரின் ஹட்சின்சன் முகாமிற்குக் கொண்டுவரப்பட்டனர்.

முள்வேலிக்குள் ஒரு கலைக்கூடம்

மான் தீவு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் உள்ளது. கோடை விடுமுறைக்கு மக்கள் வந்து தங்கும் விடுதிகள் அங்கே ஏராளம். ஒரு புல்வெளியைச் சுற்றியிருந்த விடுதிகளை அரசு எடுத்துக்கொண்டு, சுற்றிலும் முள்வேலி போட்டது. அதுவே ஹட்சின்சன் முகாம். ஜூலை இறுதிக்குள் 1,200-க்கு மேற்பட்ட ஆடவர் அங்கே இருந்தனர். இரவில் வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க, சன்னல் கண்ணாடிகளுக்கு நீலச்சாயம் பூசப்பட்டிருந்தது. அந்தச் சாயத்தைச் சவரக் கத்தி அலகால் சுரண்டியே கைதிகள் சித்திரம் வரைந்தார்கள்!

அங்கே அடைபட்டவர்களுள் பேராசிரியர்கள், இசைவாணர்கள், ஓவியர்கள், வழக்கறிஞர்கள் எனப் பலர் இருந்தனர். புல்வெளியில் அமர்ந்து ஒருவர் தத்துவம் கற்பித்தார். மற்றொருவர் கணிதம் கற்பித்தார். மாலையில் இசை அரங்கு நடந்தது. முகாம் தலைவராக இருந்த கேப்டன் டேனியல் இரக்கமுள்ளவர். கலைஞர்களுக்கு வேலை செய்ய இடமும் பொருளும் கிடைக்க உதவினார். ஷ்விட்டர்சுக்கு மாடியில் ஓர் அறை கிடைத்தது.

வண்ணமும் துணியும் போதாத அந்த இடத்திலும் அவர் கை ஓயவில்லை. விடுதித் தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதன்மேல் உருவப்படம் தீட்டினார். பெட்டிப் பலகை, சிகரெட்டு உறை, தபால் தலை எல்லாம் அவர் கையில் படமாயின. காலையில் வழங்கிய ஓட்ஸ் கஞ்சியில் மிஞ்சியதைச் சேர்த்து வைத்துச் சிற்பம் செய்தார். நாளாக ஆக அதில் பூஞ்சை பிடித்துப் பச்சையும் நீலமுமாக நிறம் மாறி, அறை முழுவதும் நாற்றம் வீசியதாம். முகாமில் இருந்த காலத்தில் மட்டும் 200-க்கு மேற்பட்ட படைப்புகளை அவர் செய்து முடித்தார். உடனிருந்தவர்களின் உருவங்களை வரைந்து கொடுத்துச் சிறிது பணமும் ஈட்டினார்.

நண்பர்கள் நடுவே அவர் கலகலப்பானவர். கவிதைகளை விதவிதமான ஒலிகளுடன் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார். இரவு நேரத்தில் மாடிச் சன்னலில் நின்று நாய் போலக் குரைப்பார். எதிர் வீட்டிலிருந்து ஒரு முதியவர் பதிலுக்குக் குரைப்பார். வேடிக்கைக்காரர் என்றே பலரும் அவரை எண்ணினர். அந்த வேடிக்கைக்கு அடியில் இருந்த சோகத்தை மகன் அறிவார். வெகு நாள் அடங்கியிருந்த வலிப்பு நோய் முகாமில் மீண்டும் தலைகாட்டியது.

வேலிக்கு இருபுறமும்

முகாமில் இருந்தவர்களுக்கு உணவு கிடைத்தது. அடி உதை இல்லை. ஹிட்லரின் வதை முகாம்களோடு இதை ஒப்பிடவே கூடாது. ஆனாலும் குடும்பம் என்ற ஒன்றை அந்த வேலி இரண்டாகப் பிளந்தது. ஆடவர் முகாம் வேறு, பெண்டிர் முகாம் வேறு. பெண்களும் அவர்களுடன் வந்த குழந்தைகளும் அதே தீவின் தென்கோடியில் போர்ட் எரின், போர்ட் செயின்ட் மேரி என்னும் ஊர்களில் வைக்கப்பட்டனர். ஒரே தீவில் இருந்தும் கணவனும் மனைவியும் தொடக்கத்தில் சந்திக்க முடியவில்லை. வாரத்திற்கு இரண்டு கடிதங்கள், ஒவ்வொன்றிலும் 24 வரிகள் என்பது விதி. அதுவும் தணிக்கையாளர் மேசையில் வாரக்கணக்கில் கிடந்த பின்னரே போய்ச் சேரும். சம்பாதிப்பவர் உள்ளே இருக்க, வெளியில் இருந்த மனைவி மக்கள் வாடகைக்கும் உணவுக்கும் திண்டாடினர்.

ஷ்விட்டர்ஸ் உருவப்படம் வரைந்தவர்களுள் ஃபிரெட் உல்மன் என்ற வழக்கறிஞரும் ஒருவர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து ஓவியரானவர். அவர் மணந்த ஆங்கிலப் பெண்மணியின் தந்தை யார் தெரியுமா? பிரிட்டனின் போர்த்துறையில் துணை அமைச்சர்! மாமனார் போர்த்துறையில் இருக்க, மருமகன் முள்வேலிக்குள் இருந்தார். உல்மனின் பெண் குழந்தை அந்த நாட்களில்தான் பிறந்தது. குழந்தையின் முகம் காண இயலாத தந்தை, இருள் சூழ்ந்த காட்சிகளின் நடுவே கையில் பலூன் பிடித்த ஒரு சிறுமியைத் திரும்பத் திரும்ப வரைந்து, மனத்தைத் தேற்றிக்கொண்டார். அமைச்சரின் மகளுக்கே இந்த நிலை என்றால், யாருமற்ற ஏழை அகதியின் மனைவி என்ன பாடுபட்டிருப்பாள்!

ஷ்விட்டர்சின் பிரிவு இன்னும் கொடியது. அவருடைய மனைவி இருந்ததோ பகை நாட்டில். போரிடும் நாடுகளுக்கிடையே சாதாரணத் தபால் கிடையாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக 25 சொற்களுக்குள் குடும்பச் செய்தி அனுப்ப மட்டும் ஏற்பாடு இருந்தது. அவை பல நாடுகளைச் சுற்றிப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். இருபத்தைந்து ஆண்டு இல்லறத்தை இருபத்தைந்து சொற்களில் எப்படி அடக்குவது?

இந்தக் கைதுகளைக் குறித்துப் பிரிட்டனின் மக்களிடையேயும் பாராளுமன்றத்திலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே தன் அரசின் தவற்றைத் தட்டிக் கேட்ட நல்லோர் அந்நாட்டில் இருந்தனர் என்பதை நாம் பாராட்ட வேண்டும். அகதிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டனர். உடனிருந்த நண்பர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போக, ஷ்விட்டர்ஸ் காத்திருந்தார். மகனும் அவருக்கு முன்பே விடுதலையானார். பதினாறு மாதங்களுக்குப் பின், 1941 நவம்பர் 21-ஆம் நாள் அவருக்குக் கதவு திறந்தது.

அடுத்தடுத்த அடிகள்

லண்டனில் மகனுடன் தங்கினார். ஜெர்மனியில் பேர் பெற்ற கலைஞரை லண்டனில் யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஈடித் தாமஸ் என்ற பெண்மணி அவருக்கு நட்பும் ஆதரவும் அளித்து, பிற்கால நோயிலும் உடனிருந்து கவனித்தார்.

1943 அக்டோபர் 8-ஆம் நாள் இரவு பிரிட்டனின் விமானங்கள் ஹனோவர் நகரின்மேல் குண்டு மழை பொழிந்தன. ஷ்விட்டர்சின் வீடு தரைமட்டமானது. ஆண்டுக் கணக்கில் வளர்ந்த மெர்ட்ஸ் கட்டடம் ஓரிரவில் பொடியானது. எந்த நாட்டில் அவர் அடைக்கலம் புகுந்தாரோ, அந்த நாட்டின் குண்டு. எந்த நாட்டில் பிறந்தாரோ, அந்த நாட்டின் தலைவன் தொடங்கிய போர். யாரைக் குறை சொல்வது?

காவல் காத்த ஹெல்மா அம்மையார் அதற்குப் பின் நெடுநாள் வாழவில்லை. புற்றுநோய் அவரைப் பற்றியது. 1944 அக்டோபர் 29-ஆம் நாள் கணவரும் மகனும் அருகில் இன்றிக் காலமானார். டிசம்பரில்தான் அச்செய்தி லண்டனுக்கு வந்தது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில்தான் ஷ்விட்டர்ஸ் பக்கவாத நோயால் தாக்குண்டிருந்தார். அடக்கம் நடந்து ஒரு மாதத்திற்கு மேல் ஆன பின், கடல் கடந்த ஊரில் இருந்து அழுவதைத் தவிர அவரால் வேறென்ன செய்ய முடியும்?

போர் முடிந்ததும் மகன் எர்ன்ஸ்ட் நார்வேக்குத் திரும்பினார். தந்தை மட்டும் இங்கிலாந்திலேயே தங்கினார். ஆக, 1936 டிசம்பரில் ஒரே கூரையின் கீழ் இருந்த மூவரில், ஒருவர் ஜெர்மனியில் மண்ணுக்குள், ஒருவர் நார்வேயில், ஒருவர் இங்கிலாந்தில்.

கடைசிச் சுவர்

1945-இல் இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகள் நிறைந்த மலைநாட்டில் ஆம்பிள்சைடு என்னும் சிற்றூருக்கு ஷ்விட்டர்ஸ் குடிபெயர்ந்தார். ஊராரின் உருவங்களையும் மலைக் காட்சிகளையும் வரைந்து, சிறு விலைக்கு விற்று வாழ்ந்தார். அங்கும் கந்தலைப் பொறுக்குவதை விடவில்லை.

1947-இல், அவருடைய அறுபதாம் பிறந்த நாளன்று, நியூயார்க் நகரின் நவீனக் கலைக்கூடம் 1,000 டாலர் உதவித் தொகை அறிவித்தது. அதைக்கொண்டு, எல்டர்வாட்டர் என்ற இடத்தில் கல்லால் கட்டிய ஒரு பழைய கொட்டகையில் மீண்டும் ஒரு மெர்ட்ஸ் கட்டடத்தைத் தொடங்கினார். ஹனோவரில் கட்டியது குண்டில் அழிந்தது. நார்வேயில் கட்டியதை விட்டுவிட்டு ஓட நேர்ந்தது. ஆனாலும் நோயுற்ற உடலோடு, குளிர் மிகுந்த கொட்டகையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில்கூட வேலை செய்தார். ஒரு சுவர் மட்டுமே முடியும் தறுவாய்க்கு வந்தது.

1948 ஜனவரி 7-ஆம் நாள் அவருக்குப் பிரிட்டனின் குடியுரிமை வழங்கப்பட்டதென்ற கடிதம் வந்தது. பகை நாட்டார் என்ற பெயர் அன்றோடு நீங்கியது. மறுநாள், ஜனவரி 8-ஆம் நாள், கெண்டல் நகர மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. ஏழரை ஆண்டுகள் வாசலில் நிறுத்தி வைத்த நாடு, அவரை உள்ளே அழைத்தபோது அவருக்கு மிச்சமிருந்தது ஒரே நாள்.

ஆம்பிள்சைடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1970-இல் ஹனோவருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கைவிட்ட ஊரே அவரைக் கொண்டாடத் தொடங்கியது. அழிந்த மெர்ட்ஸ் கட்டடத்தின் ஒரு பகுதி, பழைய நிழற்படங்களின் உதவியால் மீண்டும் உருவாக்கப்பட்டு, இன்று ஹனோவரின் ஷ்ப்ரெங்கெல் கலைக்கூடத்தில் உள்ளது. எல்டர்வாட்டர் கொட்டகையின் சுவரை 1965-இல் அப்படியே பெயர்த்து நியூகாசில் நகருக்குக் கொண்டு சென்று காத்து வருகிறார்கள்.

நாம் அறிய வேண்டியது

இது ஏதோ தொலைதூரத்து ஒரு நாட்டின் கதை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1939-இல் போர் தொடங்கியதும், நம் நாட்டை ஆண்ட ஆங்கில அரசு இங்கு வாழ்ந்த ஜெர்மானியரையும் பிடித்தது. வணிகர், பொறியாளர், மதப் பணியாளர் எனப் பலரும் அகமது நகரிலும், பின்னர் தேராதூனிலும் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். பெண்டு பிள்ளைகள் சத்தாரா, புரந்தர் முதலிய இடங்களில் தங்க வைக்கப்பட்டனர். அமெரிக்காவும் ஏறத்தாழ 11,000 ஜெர்மானியரைக் காவலில் வைத்தது. டெக்சாஸ் மாநிலத்தின் கிரிஸ்டல் சிட்டி முகாமில், தந்தையைப் பிரிய மனமின்றித் தாயும், அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளும் தாமாகவே வேலிக்குள் வந்து சேர்ந்தனர்.

போர்க்காலத்தில் நாட்டைக் காப்பது அரசின் கடமை. அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால், ஒருவர் என்ன செய்தார் என்று பாராமல், எங்கே பிறந்தார் என்று மட்டும் பார்க்கும்போது, காவலும் அநீதியாகிவிடுகிறது. அதன் விலையைப் பிடிபட்டவர் மட்டும் கொடுப்பதில்லை. வீட்டில் காத்திருப்பவர் கொடுக்கிறார்; தந்தை முகம் அறியாமல் வளரும் குழந்தை கொடுக்கிறது; யாருமின்றிக் கண்மூடும் ஹெல்மா கொடுக்கிறார்.

முத்திரை குத்துவது அரசுகள் மட்டும் செய்யும் காரியமன்று. புதிதாக வகுப்பில் சேர்ந்தவள், வேறு மொழி பேசுகிறவள், இன்ன ஊர்க்காரி, இன்ன வீட்டுப் பெண் என்று நாமும் ஒரு சொல்லால் ஒருத்தியை வேலிக்கு அப்பால் நிறுத்திவிடுகிறோம். பிறகு அவளுடைய பெயரைக்கூட விசாரிப்பதில்லை. ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த டிராம் சீட்டைக்கூட அப்படி ஒதுக்கவில்லை. குனிந்து எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதற்கென்று ஓர் இடம் தேடினார். ஒரு காகிதத் துண்டுக்கு அவர் காட்டிய அந்தப் பொறுமையை மனிதருக்குக் காட்ட நாம் கற்றுக்கொண்டால், நம் வகுப்பறையிலிருந்தே ஒரு வேலி குறையும்.